தொலைந்த சுருள்கள், மீண்ட முகங்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் நூறாண்டுக்கு முன்பே தங்கள் கதையைத் தாங்களே படமாக்கினார்கள். அந்தப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிஞ்சியவற்றை அருங்காட்சியகங்கள் இப்போது மீண்டும் திரையேற்றி வருகின்றன. அந்த மீட்பின் கதை இது.

கோட்டு சூட்டு அணிந்த ஓர் இளைஞர். அலங்கார உடையில் ஓர் இளம்பெண். இருவரும் கைகோத்து நிற்கிறார்கள். அவர் அணைத்து முத்தமிடுகிறார். அந்தப் பெண் சிரித்தபடி சற்றே விலகுகிறார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. கோத்த கைகளை வீசி விளையாடுகிறார்கள். மறுபடி அணைப்பு, மறுபடி முத்தம், மறுபடி சிரிப்பு. அரை நிமிடம்கூட ஓடாத காட்சி அதோடு முடிந்துவிடுகிறது.

இது 1898 வாக்கில் சிகாகோ நகரில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் வில்லியம் செலிக். நடித்தவர்கள் செயின்ட் சட்டில், கெர்ட்டி பிரவுன் என்ற மேடைக் கலைஞர்கள். படத்தின் பெயர் ‘சம்திங் குட் – நீக்ரோ கிஸ்’. கறுப்பினத்தவர் இருவர் அன்போடு முத்தமிட்டுக்கொள்வதைக் காட்டும் திரைக்காட்சிகளில், இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுதான். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து 33 ஆண்டுகளே ஆகியிருந்தன. மேடையிலும் சுவரொட்டியிலும் கறுப்பினத்தவர் என்றாலே கேலிச்சித்திரம் என்றிருந்த காலம். அந்தக் கேலியின் நிழல் இந்த இரண்டு முகங்களில் துளியும் விழவில்லை. ஒருவர் அருகில் ஒருவர் இருக்கும் மகிழ்ச்சி மட்டுமே தெரிகிறது.

நூறாண்டுக்கு மேல் இந்தச் சுருள் யார் கண்ணிலும் படவில்லை. லூசியானாவைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளரிடமிருந்து வந்த பழைய சுருள்களுக்கு நடுவே, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் காப்பகத்தைக் கவனிக்கும் டினோ எவரெட் இதைக் கண்டெடுத்தார். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அலிசன் நாடியா ஃபீல்ட் ஆராய்ந்து, எந்தப் படம், நடித்தவர்கள் யார் என்று அடையாளம் கண்டார். 2018-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. 2021-இல் நார்வே தேசிய நூலகத்தில் இதன் சற்று நீளமான இன்னொரு வடிவமும் கிடைத்தது.

2022 ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அகாடமி அருங்காட்சியகத்தில் ‘ரீஜெனரேஷன்: பிளாக் சினிமா 1898–1971’ என்ற பெருங்கண்காட்சி தொடங்கியது. அதன் பெயரிலுள்ள 1898 இந்த முத்தத்தின் ஆண்டு. டோரிஸ் பெர்கர், ரியா கோம்ஸ் ஆகிய இருவரும் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய கண்காட்சி அது. புகைப்படங்கள், உடைகள், சுவரொட்டிகள் ஒரு பக்கம். அரங்கில் தொடர் திரையிடல்கள் மறுபக்கம். பிறகு 2024-இல் டெட்ராய்ட் கலைக் கழகத்துக்கும் அது பயணமானது. கண்காட்சியின் பெயரே 1923-இல் வெளிவந்த ‘ரீஜெனரேஷன்’ என்ற படத்திலிருந்து எடுத்தது. கறுப்பின நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் இன்று எஞ்சியிருப்பது அரித்துச் சிதைந்த துண்டுகள் மட்டுமே.

தனியே போடப்பட்ட மேசை

அகாடமி என்றால் ஆஸ்கர் விருது வழங்கும் அதே அமைப்புதான். கறுப்பினத் திரை வரலாற்றை அந்த அமைப்பின் அருங்காட்சியகம் கையிலெடுத்ததற்குத் தனி அர்த்தம் இருக்கிறது.

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலின் கோக்கனட் குரோவ் அரங்கம். ‘கான் வித் த விண்ட்’ படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கரை வென்றார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். ஆனால் அந்த ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. படத்தின் தயாரிப்பாளர் பேசிச் சம்மதம் வாங்கியதால்தான் அவர் உள்ளே வர முடிந்தது. உடன் நடித்தவர்களோடு அவரை உட்காரவைக்கவில்லை. தள்ளிப் போட்ட ஒரு சிறிய மேசை அவருக்கு. அதற்கு இரண்டு மாதம் முன்பு அட்லாண்டாவில் நடந்த அந்தப் படத்தின் முதல் காட்சிக்கும் அவர் போக முடியவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் நிறப்பாகுபாட்டுச் சட்டம் குறுக்கே நின்றது.

மெக்டேனியல் தம் விருதை ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அங்கிருந்து அது எப்படியோ காணாமல்போனது. 2023 அக்டோபரில் அகாடமி அதற்கு மாற்று விருது ஒன்றைச் செய்து அதே பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. முதல் கறுப்பின ஆஸ்கருக்கே இந்த கதி என்றால், பேர் தெரியாத கலைஞர்கள் கைக்காசைப் போட்டு எடுத்த படங்களின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

பொய்க்குக் கிடைத்த மாளிகை

கறுப்பினத்தவர் ஏன் தாங்களே கேமராவை எடுத்தார்கள் என்பது புரிய, 1915-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டி.டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ வெளிவந்தது. மூன்று மணி நேரப் படம். படத்தொகுப்பு, போர்க்காட்சி, கேமரா நகர்வு என்று தொழில்நுட்பத்தில் அன்றைக்கு அது உச்சம். சொன்ன கதையோ நஞ்சு. விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் வெள்ளையினப் பெண்களை வேட்டையாடுகிறார்கள். அவர்களிடமிருந்து நாட்டைக் காக்க, வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் வீரர்கள் குதிரையேறி வருகிறார்கள். முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்களே நடித்தார்கள்.

1915 பிப்ரவரி 18 அன்று இந்தப் படம் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குத் திரையிடப்பட்டது. கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. ஊர் ஊராக எதிர்ப்புத் தெரிவித்தது. பாஸ்டனில் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ டிராட்டர் தியேட்டர் வாசலில் போராடிக் கைதானார். படம் நிற்கவில்லை, வசூலைக் குவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மௌன்டன் மலையில் வில்லியம் சிம்மன்ஸ் என்பவர், செத்துக் கிடந்த கிளான் அமைப்புக்கு மீண்டும் உயிர்கொடுத்தார். அதற்கு இந்தப் படம் தந்த விளம்பரம் கொஞ்சமல்ல.

பொய்யைச் சினிமா சொன்னபோது, பதிலும் சினிமாவிலேயே வர வேண்டியிருந்தது. 1916-இல் நடிகர் நோபிள் ஜான்சனும் சகோதரர் ஜார்ஜ் ஜான்சனும் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார்கள். முழுக்கக் கறுப்பினத்தவர் நடத்திய முன்னோடிப் பட நிறுவனங்களில் ஒன்று அது. நெப்ராஸ்காவின் ஓமஹா நகரில் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஜார்ஜ் ஜான்சன் படங்களை ஊர் ஊருக்கு அனுப்பினார். அந்த நிறுவனம் எடுத்த படங்களில் இன்று சில நிமிடத் துண்டுகளைத்தான் பார்க்க முடிகிறது.

வீட்டுக்கு வீடு விற்ற கதை, ஊர் ஊராய்ப் போன ரீல்

இந்த வரலாற்றின் நாயகர் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஆஸ்கர் மிஷோதான். 1884-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில், அடிமைகளாகப் பிறந்த பெற்றோருக்குப் பிள்ளையானவர். புல்மன் ரயில் பெட்டிகளில் பணியாளராக இருந்தார். சேர்த்த பணத்தில் தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி, வெள்ளையின விவசாயிகள் நடுவே தனியாளாகப் பயிர் செய்தார். அந்த வாழ்க்கையை நாவலாக எழுதி, தாமே வீட்டுக்கு வீடு போய் விற்றார். ‘த ஹோம்ஸ்டெடர்’ என்ற அவருடைய நாவலைப் படமாக்க லிங்கன் கம்பெனி கேட்டது. இயக்குநர் நாற்காலியில் தாமே உட்கார வேண்டும் என்று மிஷோ பிடிவாதமாக நின்றார், பேச்சு முறிந்தது. நாவலை வாங்கிய விவசாயிகளிடமே பங்கு விற்றுப் பணம் திரட்டி, 1919-இல் தாமே படத்தை எடுத்து முடித்தார். கறுப்பினத்தவர் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் என்ற பெருமை அதற்கு உண்டு. அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

1951-இல் இறக்கும்வரை மிஷோ 40-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ரீல்களைத் தாமே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தியேட்டர்காரர்களிடம் பேசினார். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று தனித் தியேட்டர். இல்லாத ஊரில் வெள்ளையினத்தவரின் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சி. பகலில் நுழைய முடியாத அரங்கில், ஊர் அடங்கிய பிறகு உட்கார்ந்து தங்கள் இனத்து டாக்டரையும் ஆசிரியையையும் துப்பறிவாளரையும் திரையில் பார்த்தார்கள். ‘ரேஸ் ஃபிலிம்’ என்று அன்று அழைக்கப்பட்ட இந்த வகைப் படங்கள் 1910-களில் தொடங்கி 1940-களின் இறுதிவரை ஏறத்தாழ 500 வந்தன.

அவற்றில் மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தென்பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற வடக்கே நிதி திரட்டப் போகும் ஆசிரியை சில்வியா லேண்ட்ரியின் கதை அது. ஈவ்லின் பிரீர் நடித்தார். சில்வியாவின் வளர்ப்புத் தந்தை ஒரு குத்தகை விவசாயி. படித்த பெண் என்பதால் வீட்டு வரவுசெலவைச் சில்வியாதான் எழுதுகிறார். அந்தக் கணக்கோடு பண்ணையாரிடம் போய்க் குடும்பத்துக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறார் தந்தை. அந்த நேரம் பார்த்துப் பண்ணையார்மேல் பழைய பகை கொண்ட வெள்ளைக்காரர் ஒருவர் ஜன்னல் வழியே அவரைச் சுட்டுவிடுகிறார். பழி விவசாயியின்மேல் விழுகிறது. ஊரே திரண்டு, பெண்களும் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க, அந்தக் குடும்பத்தைத் தூக்கிலேற்றுகிறது.

அதே நேரம் இன்னொரு வீட்டில், பண்ணையாரின் தம்பி சில்வியாவை வன்கொடுமை செய்ய முயல்கிறார். மிஷோ இரண்டு காட்சிகளையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். கிரிஃபித் எந்த உத்தியைக் கொண்டு கறுப்பின ஆணை மிருகமாக்கினாரோ, அதே உத்தியைக் கொண்டே உண்மையில் யார் யாரை வேட்டையாடினார்கள் என்று காட்டிவிட்டார். சில்வியாவின் மார்பில் உள்ள ஒரு தழும்பைப் பார்த்ததும் அந்த மனிதர் உறைந்துபோகிறார். அவள் அவருடைய சொந்த மகள்.

1920 ஜனவரியில் சிகாகோவில் படம் திரைக்கு வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புதான் அந்த நகரம் இனக் கலவரத்தில் எரிந்தது. 23 கறுப்பினத்தவர், 15 வெள்ளையினத்தவர் என 38 பேர் மாண்டிருந்தார்கள். மீண்டும் கலவரம் மூளும் என்று அஞ்சி, இரு இனத்தவரும் படத்தைத் தடுக்கப் பார்த்தார்கள். தணிக்கைக்காரர்கள் வெட்டினார்கள். ஊருக்கு ஊர் ஒரு நீளத்தில் ஓடி, கடைசியில் படம் காணாமலே போனது.

மத்ரித் அலமாரியில் ஐம்பது ஆண்டு

மௌனப் படக் காலத்தின் இழப்பு எல்லா இனத்துக்கும் பொதுவானதுதான். 2013-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில் 70 சதவீதம் முற்றிலும் அழிந்துவிட்டன. அன்றைய சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். தீயில் தப்பினாலும் நாளடைவில் பிசுபிசுத்து, கடைசியில் பொடியாகிவிடும். குளிரூட்டிய அறையும் கவனிக்க ஆளும் இருந்தால் மட்டுமே பிழைக்கும்.

கறுப்பினப் படங்களுக்கு அறையும் இல்லை, ஆளும் இல்லை. பெரிய ஸ்டுடியோக்களுக்கு இருந்த கிடங்குகூட மிஷோ போன்றவர்களுக்கு இல்லை. இருந்த சில பிரதிகளையும் தேயும்வரை ஓட்டினார்கள். ஆவணக் காப்பகங்கள் தொடங்கப்பட்டபோது, இவற்றைச் சேகரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த மக்களை வரலாற்றிலிருந்து ஒதுக்கிய அதே மனப்போக்கு, இவர்களுடைய படங்களையும் ஒதுக்கியது.

அதனால் பிழைத்தவை எல்லாம் எதிர்பாராத இடங்களில் பிழைத்தவை. ‘விதின் அவர் கேட்ஸ்’ படத்தின் ஒரே பிரதி ஸ்பெயினின் மத்ரித் நகரிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில், ‘லா நெக்ரா’ என்ற பெயரில் இருந்தது. 1970-களில் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-இல் அதைச் செப்பனிட்டு முடித்தது. மூல வாசக அட்டைகள் பெரும்பாலும் தொலைந்துபோயிருந்ததால், ஸ்பானிஷ் அட்டைகளிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. நடுவே ஒரு காட்சி கிடைக்கவே இல்லை. அங்கே என்ன நடந்தது என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் திரையில் வருகிறது.

டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1983-இல் ஒரு கிடங்கைக் காலி செய்யும்போது பழைய ரீல்கள் குவியலாகக் கிடைத்தன. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. வில்லியம் ஜோன்ஸ் போய்ப் பார்த்தார். குவியலில் பல கறுப்பினப் படங்கள் இருந்தன. தொலைந்ததாக நினைத்திருந்த ஸ்பென்சர் வில்லியம்ஸின் ‘த பிளட் ஆஃப் ஜீசஸ்’ அவற்றில் ஒன்று. 1941-இல் வெறும் 5,000 டாலர் செலவில் எடுத்த அந்தப் படம், பத்தாண்டுக்குள் தேசியப் பதிவேட்டில் இடம்பிடித்த முதல் ‘ரேஸ் ஃபிலிம்’ ஆனது.

அகாடமி காப்பகம் தன் பங்குக்கு ‘ரிஃபார்ம் ஸ்கூல்’ என்ற 1939-ஆம் ஆண்டுப் படத்தைச் செப்பனிட்டு, 2022 கண்காட்சியை ஒட்டித் திரையிட்டது. லூயிஸ் பீவர்ஸ் அதில் நாயகி. ஹாலிவுட் அவருக்குத் திரும்பத் திரும்பச் சமையலறையையும் பணிப்பெண் வேடத்தையும்தான் கொடுத்தது. கறுப்பினப் பார்வையாளர்களுக்காக எடுத்த இந்தப் படத்திலோ, சீர்திருத்தப் பள்ளியின் கொடுமைகளை எதிர்த்து நின்று பையன்களின் வாழ்வைத் திருத்தும் அதிகாரி அவர். ஒரே நடிகை, யார் யாருக்காக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து உயரம் மாறிவிட்டது.

படப்பிடிப்பின் இடைவேளை

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1939-இல் பயோகிராஃப் நிறுவனத்தின் பழைய நெகட்டிவ்களைக் காப்பாளர் ஐரிஸ் பாரி மொத்தமாக வாங்கிவைத்தார். அந்தக் குவியலில் தலைப்பு இல்லாத, தொகுக்கப்படாத ஏழு ரீல்கள் இருந்தன. 1913-இல் எடுக்கத் தொடங்கி, முடிக்காமலே கைவிட்ட ‘லைம் கில்ன் க்ளப் ஃபீல்ட் டே’ அது. நாயகன் பெர்ட் வில்லியம்ஸ். பஹாமாஸில் பிறந்து பிராட்வே மேடையை ஆண்ட நகைச்சுவை மேதை. கதை எளிது: ஊர்த் திருவிழா, ஓர் அழகான பெண், அவர் கைபிடிக்கப் போட்டியிடும் ஆண்கள்.

கதைக்குறிப்பு இல்லை, வசன அட்டை இல்லை. ரான் மாக்லியோட்ஸி தலைமையிலான குழு, உதட்டசைவைப் படிப்பவர்களின் உதவியுடன் யார் என்ன பேசுகிறார்கள் என்று கண்டறிந்து காட்சிகளை வரிசைப்படுத்தியது. 2014-இல் அருங்காட்சியகம் அதைத் திரையிட்டது. படம் எடுத்து நூறாண்டு கழித்து முதல் காட்சி.

வில்லியம்ஸ் கறுப்பினத்தவர்தான். ஆனாலும் அன்றைய மேடை வழக்கப்படி அவர் முகத்தில் கரி பூசியிருக்கிறார். சுற்றியுள்ள கறுப்பின நடிகர்கள் பூசவில்லை. அந்த ஒரு வேறுபாடே எத்தனையோ புத்தகம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. நாயகியாக வரும் ஒடெஸ்ஸா வாரன் கிரேயும் அவரும் குடைராட்டினத்தில் சுற்றுகிறார்கள்; கடைசியில் முத்தமிடுகிறார்கள். தொகுக்காத மூலம் என்பதால் டேக்குகளுக்கு இடையில் ஓடிய காட்சிகளும் அப்படியே இருக்கின்றன. நடிகர்கள் உடையைச் சரிசெய்கிறார்கள். ஒருவரோடொருவர் பேசிச் சிரிக்கிறார்கள். வெள்ளையின இயக்குநர்களோடு நின்று அடுத்த காட்சியைக் கேட்டுக்கொள்கிறார்கள். வேடம் கலைந்த அந்த நொடிகளில் தெரிபவர்கள், வேலை தெரிந்த தொழில்முறைக் கலைஞர்கள். படம் முடிந்து வெளிவந்திருந்தால் இந்த நொடிகளை வெட்டி எறிந்திருப்பார்கள்.

பாதிரியார் எடுத்த ஊர்ப் படம்

நடிகர்களும் ஸ்டுடியோவும் இல்லாத இன்னொரு பெருஞ்செல்வம் உண்டு. ஓக்லஹோமாவைச் சேர்ந்த பாப்டிஸ்ட் பாதிரியார் சாலமன் சர் ஜோன்ஸ், 1924 முதல் 1928 வரை 16 மி.மீ. கேமராவில் தம் மாநிலத்துக் கறுப்பின ஊர்களைப் படம்பிடித்தார். தேவாலயத்திலிருந்து வரிசையாக வெளிவரும் குடும்பங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைக்காரர்கள், ஊர்வலம், கால்பந்து ஆட்டம், கறுப்பினத்தவருக்குச் சொந்தமான எண்ணெய்க் கிணறு. எழுத்துகளைப் பொருத்தும் பலகை ஒன்றில் ஊர் பேரையும் விவரத்தையும் கோத்து, அதையும் படமெடுத்து நடுநடுவே சேர்த்தார். பின்னாளில் யாராவது பார்ப்பார்கள், அவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும் என்ற பொறுப்பு அவரிடம் இருந்திருக்கிறது.

இவற்றில் டல்சா நகரமும் வருகிறது. 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் அங்கே கிரீன்வுட் பகுதியை வெள்ளையினக் கும்பல் எரித்துத் தரைமட்டமாக்கியது. ஜோன்ஸின் கேமரா அதே ஊருக்கு நான்கைந்து ஆண்டு கழித்துப் போகிறது. கடைகள் திறந்திருக்கின்றன. நல்லுடை அணிந்த மனிதர்கள் நடந்து போகிறார்கள். சாம்பலிலிருந்து ஓர் ஊர் எப்படி எழுந்து நின்றது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி இல்லை. ஜோன்ஸின் 29 ரீல்கள் யேல் பல்கலைக்கழகத்திலும், மேலும் சில வாஷிங்டனிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 2016-இல் இவையும் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தன.

அந்தத் தேசிய அருங்காட்சியகம் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. 1910-களிலிருந்து 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பினத்தவர் தென் மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் குடிபெயர்ந்தார்கள். அந்தக் குடும்பங்களின் வீட்டுப் பரண்களில் பிறந்தநாளும் கல்யாணமும் பதிவான சுருள்களும் கேசட்டுகளும் கிடக்கின்றன. ‘அவற்றைக் கொண்டு வாருங்கள், இலவசமாக டிஜிட்டலாக்கித் தருகிறோம்’ என்றது அருங்காட்சியகம். மூலச் சுருள் குடும்பத்துக்கே திரும்பும். சிகாகோவில் ஆய்வாளர் ஜாக்குலின் ஸ்டூவர்ட் 2005-லேயே இப்படியொரு பணியைத் தொடங்கிவிட்டார்: நகரத்தின் தென்பகுதிக் கறுப்பினக் குடும்பங்களின் வீட்டுப் படங்களைத் திரட்டி, செப்பனிட்டு, அந்த மக்கள் முன்னிலையிலேயே திரையிடுவது. 2022-இல் அகாடமி அருங்காட்சியகத்தின் இயக்குநராகவும் அவரே பொறுப்பேற்றார்.

குடும்பத்தார் உடனிருந்து பார்க்கும்போது, காப்பகப் பட்டியலில் ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று இருப்பவருக்குப் பேரும் தெருவும் உறவும் கிடைக்கின்றன. படத்தைப் பற்றிய அறிவு காப்பாளரிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி பார்வையாளர்களிடம் இருக்கிறது. திரையிட்டால்தான் இரண்டும் சேரும்.

நீங்களும் பார்க்கலாம்

• ‘விதின் அவர் கேட்ஸ்’ காப்புரிமைக் காலம் முடிந்த படம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

• ‘சம்திங் குட் – நீக்ரோ கிஸ்’ படத்தையும் இணையத்தில் பார்க்கலாம்.

• சாலமன் சர் ஜோன்ஸின் ரீல்களை யேல் பல்கலைக்கழகம் தன் டிஜிட்டல் நூலகத்தில் பொதுப் பார்வைக்கு வைத்துள்ளது.

• மிஷோ, ஸ்பென்சர் வில்லியம்ஸ் உள்ளிட்டோரின் படங்களைச் செப்பனிட்டு ‘பயனியர்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கன்-அமெரிக்கன் சினிமா’ என்ற தொகுப்பாக கினோ லார்பர் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. தொகுத்தவர்கள் ஜாக்குலின் ஸ்டூவர்ட், சார்ல்ஸ் மஸ்ஸர்.

காட்டுவதே காவல்

கறுப்பினப் படங்கள் தொலைவது மௌனப் படக் காலத்தோடு முடியவில்லை. சார்ல்ஸ் பர்னெட், யு.சி.எல்.ஏ. மாணவராக இருந்தபோது லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வார இறுதிகளில் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’, இறைச்சிக்கூடத் தொழிலாளி ஒருவரின் அன்றாடத்தைச் சொல்லும் படம். 1970-களின் இறுதியில் முடிந்தது. 1990-இல் தேசியப் பதிவேட்டிலும் சேர்ந்தது. ஆனால் படத்தில் வரும் பாடல்களுக்கு உரிமம் வாங்கப் பணமில்லாததால், 2007-இல்தான் முறையாகத் தியேட்டருக்கு வந்தது. ஒரு நாடு தன் பொக்கிஷம் என்று பட்டியலிட்ட படத்தை, அந்த நாட்டு மக்கள் பார்க்க மேலும் 17 ஆண்டு காத்திருந்தார்கள்.

அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜூலி டேஷ், 1991-இல் ‘டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்’ எடுத்தார். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கி, அமெரிக்கா எங்கும் திரையரங்குகளில் வெளியான முதல் முழுநீளப் படம் அது. 1902-இல் அட்லாண்டிக் கடலோரத் தீவொன்றில் வாழும் கல்லா இனக் குடும்பம், வடக்கே கிளம்பும் முன் கூடும் ஒரு நாள்தான் கதை. அதில் முதியவர்களின் கைகள் அவுரிச் சாயம் ஏறி நீலமாக இருக்கும். அடிமைக் காலத்தில் அந்தத் தீவுகளில் அவுரி காய்ச்சிய உழைப்பின் கறை அது. வரலாற்று நூல் பல பக்கத்தில் விளக்குவதை அந்த நீலக் கைகள் ஒரே பார்வையில் உணர்த்திவிடுகின்றன.

அருங்காட்சியகத்துக்கென்றே படம் எடுத்தவரும் உண்டு. 2016 செப்டம்பர் 24 அன்று வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதற்காக ஏவா டூவெர்னே இயக்கிய ‘ஆகஸ்ட் 28’ திரையிடப்பட்டது. ஒரே தேதி, வெவ்வேறு ஆண்டுகள். 1833-இல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது அன்று. 1955-இல் 14 வயது எம்மெட் டில் மிசிசிப்பியில் கடத்திக் கொல்லப்பட்டது அன்று. 1963-இல் வாஷிங்டன் பேரணி அன்று. 2008-இல் ஒபாமா ஜனாதிபதி வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தியதும் அன்று. டில்லின் உடல் வைக்கப்பட்ட மூலச் சவப்பெட்டி அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. திரையில் பார்த்ததன் சாட்சி சில அடி தூரத்தில் நிற்கும் இடம் அருங்காட்சியகம் மட்டும்தான். எந்த மல்டிப்ளெக்ஸும் இதைத் தர முடியாது.

இத்தனை மதிப்புள்ள இந்த இடங்களும் நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது. 2025 மார்ச் 27 அன்று வெளியான ஜனாதிபதி உத்தரவு, வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகத்தை நடத்தும் ஸ்மித்சோனியன் அமைப்பு அமெரிக்க வரலாற்றைத் திரித்துச் சொல்வதாகக் குற்றம்சாட்டியது. இந்தத் தேசிய அருங்காட்சியகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அதிகாரம் கேட்கத் தொடங்கினால், குளிரூட்டிய அறையும் இரும்புக் கதவும் மட்டும் வரலாற்றைக் காப்பாற்றிவிடாது.

மேலே சொன்ன படங்கள் ஒவ்வொன்றும் எப்படிப் பிழைத்தன என்று எண்ணிப் பார்த்தால் வழி தெரியும். ஒன்று மத்ரித்தில் இருந்தது, ஒன்று நார்வேயில், ஒன்று டெக்சஸ் கிடங்கில், ஒன்று லூசியானா சேகரிப்பாளர் கையில். உரியவர் கைவிட்டபோதும், எங்கோ இன்னொருவர் கையில் இன்னொரு பிரதி இருந்ததால்தான் பிழைத்தன. பல இடத்தில் இருப்பதை எந்த ஒரு தணிக்கைக்காரராலும், எந்த ஒரு தீயாலும், எந்த ஓர் அரசாலும் முழுதாக அழிக்க முடியாது. ஆகவே அருங்காட்சியகங்கள் திரட்டிவைப்பதோடு நிற்கக் கூடாது. திரையிட வேண்டும், பிரதியெடுத்துப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வெளிநாட்டுக் காப்பகங்களுக்கும் தர வேண்டும், இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். இதற்கான செலவைப் பொதுப்பணத்திலிருந்து கேட்க வெட்கப்படத் தேவையில்லை. மிஷோ தம் பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது பிழைப்புக்காக. இன்று அதே வேலையை அரசுகளும் அருங்காட்சியகங்களும் செய்ய வேண்டியது கடமைக்காக. ஒரு மக்கள் கூட்டத்தின் முகத்தை ஒரு தலைமுறை முழுக்கக் கேலியாக்கிக் காட்டிய கலைக்கு, அந்த முகத்தை உள்ளபடி உலகெங்கும் காட்டும் கடன் இன்னும் பாக்கியிருக்கிறது.